மாத்திரை வீட்டுக்குள் வந்த பிறகு



டாக்டர் சீட்டு எழுதிவிட்டால் வைத்தியம் முடிந்தது என்றுதான் நம்மில் பலரும் எண்ணுகிறோம். உண்மையில் பாதி வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது. மருந்துப் பையோடு கோவில்பட்டியில் பஸ் ஏறி, ஊர் விலக்கில் இறங்கி, கரிசல் காட்டுப் பாதையில் நடந்து வீடு வந்து சேர்ந்த பின், அந்த மாத்திரைக்குப் பக்கத்தில் டாக்டரும் இல்லை, நர்சம்மாவும் இல்லை. நீங்கள் இருவர் மட்டுமே இருக்கிறீர்கள். ஆகவே இந்தத் துண்டுப் பிரசுரம் உங்கள் இருவருக்குமாக எழுதப்பட்டது. ஒருவர் வாசிக்க, மற்றவர் கேட்கலாம்.

முதலில் ஒரு சம்பவம். சில ஆண்டுகளுக்கு முன் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த ஒரு தாய், இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு மாலா-என் மாத்திரை சாப்பிட்டு வந்தார். ஒரு நாள்கூடத் தவறவிடாதவர். இருமல் விடாமல் இருந்ததால் சளிப் பரிசோதனை செய்தார்கள். காசநோய் என்று தெரிந்தது. காசநோய் மாத்திரை கொடுத்த இடத்தில், "வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா?" என்று ஒருவரும் கேட்கவில்லை. கர்ப்பத்தடை மாத்திரையைப் பற்றிச் சபையிலே சொல்லக் கூச்சப்பட்டு இவரும் சொல்லவில்லை. நாலாம் மாதம் என்னிடம் வந்து, "நான் ஒரு நாளும் மறக்கலியே, எப்படி நின்னுச்சு?" என்று அழுதார்.

அவர் மறக்கவில்லை என்பது உண்மைதான். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் என்ற மருந்து, ஈரலைத் தூண்டி, கர்ப்பத்தடை மாத்திரையில் உள்ள ஹார்மோனை வேகமாகச் சிதைக்க வைத்துவிடுகிறது. மாத்திரை வயிற்றுக்குள் போகிறது; ஆனால் வேலை செய்யப் போதிய அளவு ரத்தத்தில் நிற்பதில்லை. காசநோய் மருந்து முடிந்த பிறகும் சில வாரங்களுக்கு இந்தத் தன்மை இருக்கும். ஆகையால் காசநோய் சிகிச்சை எடுக்கும் பெண்ணுக்கு மாலா-என் போதாது. நிரோத், காப்பர்-டி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா ஊசி இவற்றில் எது பொருந்தும் என்று டாக்டரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். கணவருக்கு மட்டும் காசநோய் என்றால் மனைவியின் மாத்திரை கெடாது. இதையும் சேர்த்தே தெரிந்துகொள்ளுங்கள்.

அந்தத் தாய் காசநோய் மாத்திரையை நிறுத்தவில்லை. வயிற்றில் பிள்ளை இருக்கும்போதும் டாக்டர் மேற்பார்வையில் அதைத் தொடரத்தான் வேண்டும். நிறுத்தினால் தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து. சிகிச்சை முடிந்தது, பிரசவமும் நல்லபடி முடிந்தது. ஆனாலும் அன்று ஒரு கேள்வியை யாராவது கேட்டிருந்தால் அவ்வளவு கண்ணீருக்கு இடமிருந்திருக்காது. அவர் கேட்காவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்து, சூரணம், லேகியம் உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுவதற்குக் கூச்சமே வேண்டியதில்லை.

சென்னை காட்டிய வழி

வீட்டில் வைத்தே மருந்து சாப்பிட்டுப் பெரிய நோயைக் குணமாக்க முடியும் என்பதை உலகத்துக்கு எடுத்துக் காட்டியது நம் தமிழ்நாடுதான். இதை நான் எந்தக் கூட்டத்திலும் சொல்லாமல் விட்டதில்லை.

அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும், நல்ல காற்று, நல்ல சாப்பாடு, பூரண ஓய்வு வேண்டும் என்பார்கள். அவ்வளவு கட்டிலுக்கு நம் நாடு எங்கே போகும்? 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. சென்னை மாநில அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து நடத்தின. சென்னையின் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மற்றொரு பகுதியினரை அவரவர் வீட்டிலேயே வைத்து, அதே மாத்திரைகளை ஒரு வருஷம் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைவு, நெருக்கமான குடிசை, வேலையும் அதிகம். அப்படி இருந்தும் 1959-ல் முடிவு வெளிவந்தபோது, வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய சானடோரியத்தில் இருந்தவர்கள் அளவுக்கே குணமடைந்திருந்தார்கள். அவர்களோடு ஒரே வீட்டில் வசித்தவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. இதன் பிறகுதான் உலகெங்கும் வீட்டுச் சிகிச்சை பரவியது.

இதில் நமக்கான பாடம் வேறொன்று. அந்த மையத்தார் நோயாளியை நம்பி மட்டும் விட்டுவிடவில்லை. முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரையை எண்ணினார்கள். மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். ஒழுங்காகச் சாப்பிடுகிறேன் என்று சத்தியம் செய்தவர்களிலும் சிலர் சாப்பிடவில்லை என்பது அப்படித்தான் தெரிந்தது. அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். இருமல் நின்றதும், பசி எடுத்ததும், உடம்பு தேறியதும், "இனி எதுக்கு மாத்திரை?" என்று தோன்றுவது மனித சுபாவம். எனக்கும் தோன்றியிருக்கிறது. ஆனால் காசநோய்க் கிருமியில் மெதுவாகச் சாகும் ரகம் ஒன்று உண்டு. இரண்டாம் மாதத்தில் நிறுத்தினால் மிஞ்சியிருக்கும் கிருமி மறுபடி தலைதூக்கும். அது மருந்துக்கு மசியாத கிருமியாகவும் மாறக்கூடும்.

இன்று சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை, தினமும் மாத்திரை, உடல் எடைக்குத் தகுந்த எண்ணிக்கை, அரசில் முழுவதும் இலவசம். சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் சேர்கிறது (2024 நவம்பருக்கு முன் 500 ரூபாயாக இருந்தது). சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதைப் பார்த்து, "ரத்தம் போகுது" என்று பயந்து நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அது மருந்தின் நிறமே, பயம் வேண்டாம். ஆனால் கண் மஞ்சளானாலோ, ஓயாத வாந்தி இருந்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றே காட்டுங்கள்.

வீட்டில் யார் மாத்திரையை எண்ணுவது? கணவனுக்கு மனைவியும், மனைவிக்குக் கணவனும்தான். சண்டைக்கு அல்ல, சாட்சிக்கு.

திருப்பிச் சொல்லுங்கள்

மருந்து கொடுக்கும் ஜன்னலில் கூட்டம் நெருக்கும். "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்று காதில் விழுந்ததும் நகர்ந்துவிடுகிறோம். நகராதீர்கள். அரை நிமிஷம் நின்று இப்படிக் கேளுங்கள்:

"அக்கா, நான் திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க. இந்த வெள்ளை மாத்திரை காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்ட்ட பிறகு. மஞ்சள் ராத்திரி மட்டும். அஞ்சு நாளைக்கு."

"மஞ்சள் மூணு நாளைக்குத்தாம்மா."

பார்த்தீர்களா? திருப்பிச் சொன்னதால்தானே தெரிந்தது. சீட்டில் 1-0-1 என்று இருந்தால் காலை ஒன்று, மத்தியானம் இல்லை, இரவு ஒன்று என்று பொருள். எழுத்து வாசிக்காத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கவரின் மேல் காலைக்குச் சூரியனும் இரவுக்குப் பிறையும் வரைந்து கொடுங்கள். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதற்குத் தட்டுப் படம் போடலாம். என் தாயாருக்கு அப்படித்தான் செய்து கொடுத்தேன். கடைசி வரைக்கும் பிசகவில்லை.

'ஒரு செட் மாத்திரை'

களை எடுத்து முதுகு வலிக்கிறது, ஆபீசில் நாள் முழுக்க உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. கடையில் போய், "உடம்பு வலிக்கு ஒரு செட் குடுங்க" என்கிறோம். பேப்பரில் மடித்த நாலு மாத்திரை வருகிறது. பெயர் இல்லை, காலாவதித் தேதி இல்லை. சாப்பிட்டால் சொக்குப்பொடி போட்டது மாதிரி வலி பறந்துவிடுகிறது. அதுதான் சந்தேகப்பட வேண்டிய இடம்.

அப்படி மடித்து வரும் செட்டில் ஸ்டீராய்டு மாத்திரை இருக்கக்கூடும். அது டாக்டர் கையில் உயிர் காக்கும் மருந்து; கணக்கில்லாமல் தின்றால் முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். பல வாரம் தின்றுவிட்டுச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்தே. டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். உடன் இருக்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை வெறும் வயிற்றில் புண் உண்டாக்கும். இன்னொன்றையும் நம் சீமைக்காரர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். சித்திரை வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடித்து, வேர்த்து வடிந்து, அதன் மேல் வலி மாத்திரையும் தின்றால் சிறுநீரகத்துக்கு ஓடும் ரத்தம் குறைந்துபோகும். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை இருப்பவர்களுக்கு இது இரட்டை ஆபத்து. மாத்திரை அட்டையோடு கேட்டு வாங்குங்கள். அட்டையின் ஓரத்தில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டில்லாமல் அதை வாங்கவோ தின்னவோ கூடாது.

இதே கடைப் பழக்கத்தில் வருவதுதான் 'கலைப்பு மாத்திரை'. நாள் தள்ளிப்போனதும் கணவன் போய் வாங்கி வந்து கொடுத்துவிடுகிறார். கரு எத்தனை வாரம், கருப்பைக்குள் இருக்கிறதா, குழாயில் இருக்கிறதா என்று பார்க்காமல் சாப்பிட்டால் குழாய் வெடித்து உயிர் போகலாம். பாதி கலைந்து பாதி தங்கினால் ரத்தப் போக்கும் விஷக் காய்ச்சலும் வரும். கருக்கலைப்பு 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தகுதி பெற்ற டாக்டரிடம், வரையறைக்குள் செய்துகொள்ளக் கூடியதுதான். அரசு ஆஸ்பத்திரியில் ரகசியம் காக்கப்படும். ஒளிந்து செய்ய வேண்டிய காரியமில்லை. ஒரு மணிக்கு இரண்டு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் நனைந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பிள்ளைகளின் டானிக் பாட்டில்

2025-ல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா பகுதியில் சளி, காய்ச்சலுக்கு மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து அடுத்தடுத்து இறந்தார்கள். 20-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது 'கோல்ட்ரிஃப்' என்ற இருமல் மருந்து. தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்த மாதிரியில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் 48.6 சதவீதம் இருந்தது. அக்டோபரில் அதன் விற்பனை தடை செய்யப்பட்டது, தொழிற்சாலையின் உரிமமும் ரத்தாயிற்று. ஒரு தாய் தகப்பனால் பாட்டிலை முகர்ந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அது அரசின், தயாரிப்பாளரின் கடமை. ஆனால் சாதாரணச் சளிக்கு இருமல் டானிக் தேவையே இல்லை என்பது நம் கையில் இருக்கிறது. பெரும்பாலான சளி தானாகவே ஆறும். தாய்ப்பால், வெதுவெதுப்பான கஞ்சி, ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குக் கொஞ்சம் தேன் போதும். ஒரு வயதுக்குள் தேன் ஆகாது. மூச்சு வாங்கினாலோ, விலா உள்ளே இழுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ டாக்டர்தான் பார்க்க வேண்டும். எந்த மருந்து குடித்த குழந்தையும் ஆறு, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காவிட்டால் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

2023 டிசம்பரிலேயே, குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று பாட்டிலில் அச்சிட மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி உத்தரவிட்டிருந்தார். பெரிய பிள்ளைக்கு வாங்கிய டானிக்கைச் சின்னதுக்கும் ஊற்றுகிற பழக்கத்தை இத்தோடு விடுங்கள்.

காய்ச்சலுக்கான பாரசிட்டமாலில் ஒரு கணக்கு இருக்கிறது. சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 125 அல்லது 250 மில்லிகிராம். சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். அது பெரியவர் மாத்திரை அளவு! கைக்குழந்தையின் ஈரலுக்கு அது தாங்காது. வீட்டுக் கரண்டியும் வேண்டாம். ஒரு வீட்டுக் கரண்டி 3 மில்லி, இன்னொன்று 8 மில்லி. பாட்டிலோடு வரும் மூடியிலோ ஊசி போடாத சிரிஞ்சிலோ அளந்து கொடுங்கள்.

வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். ஆனால் 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் விற்கிறது. எத்தனைத் தண்ணீர் என்று அட்டையைப் பார்த்துவிட்டே பிரியுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் முடித்துவிட்டு, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டு விற்ற இனிப்புப் பானங்களுக்கு 2025 அக்டோபரில் அந்தப் பெயரே கூடாது என்று உத்தரவாயிற்று. பழைய சரக்கு எங்காவது அலமாரியில் இருக்கக்கூடும், கண் வையுங்கள்.

தாய்மார்களின் மாத்திரை

கர்ப்பிணிக்கு நாலாம் மாதம் முதல் 180 நாள் சத்து மாத்திரை. மலம் கறுக்கும், அது இரும்பின் நிறம். வயிறு புரட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் சாப்பிடலாம். காப்பி, டீயோடு விழுங்கினால் இரும்பு ஒட்டாது. சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் அதே நேரத்தில் சாப்பிடக் கூடாது. ஒன்று காலை என்றால் மற்றது இரவு. எலுமிச்சம்பழம், நெல்லிக்காய் சேர்ந்தால் நல்லது. இந்தச் சிவப்பு மாத்திரை மிட்டாய் மாதிரி இருப்பதால் நடைபழகும் பிள்ளைகள் எடுத்துத் தின்றுவிடும், அது விஷமாகும். பிள்ளை கை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

மாலா-என் ஒரு நாள் மறந்தால் நினைவு வந்ததும் சாப்பிட்டு, அன்றைய மாத்திரையையும் வழக்கமான நேரத்தில் சாப்பிடுங்கள். இரண்டு நாளோ அதற்கு மேலோ மறந்தால், தொடர்ந்து சாப்பிட்டபடி ஏழு நாளைக்கு நிரோத்தும் வேண்டும். பால் கொடுக்கும் தாய் பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் வரை மாலா-என் சாப்பிடக் கூடாது. அவர்களுக்குச் சாயா மாத்திரை ஆகும். அதில் ஹார்மோன் கிடையாது. லக்னோ ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடித்த நம் நாட்டு மருந்து. முதல் மூன்று மாதம் வாரம் இரு முறை, ஞாயிறும் புதனும் என்று வைத்துக்கொள்ளுங்கள்; நாலாம் மாதத்திலிருந்து ஞாயிறு மட்டும். கிழமையை மறப்பது மனைவியின் குற்றம் என்று கணவன்மார் சொல்ல வேண்டாம். காலண்டரில் வட்டம் போடுவது உங்கள் வேலை.

சர்க்கரையும் கொதிப்பும்

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்த மாத்திரைகள் வாசலுக்கே வருகின்றன. வந்தும் பரணில் கிடந்தால் பயனில்லை. கொதிப்பு மாத்திரை சாப்பிட்டுக் கணக்கு சரியாகிவிட்டது என்றால் மாத்திரை வேலை செய்கிறது என்றே அர்த்தம். நிறுத்தலாம் என்று அர்த்தமில்லை.

சர்க்கரை மாத்திரைகளில் கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்றவற்றைச் சாப்பிட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது. மாத்திரையை விழுங்கிவிட்டுப் பருத்தி எடுக்கப் போன இடத்தில் வேர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று பொருள். போதையில் இருக்கிறான் என்று யாரும் ஒதுங்கிப் போகாதீர்கள். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். மடியில் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் இருக்கிறதே என்பார்கள். ஒன்றுமே இல்லாவிட்டால் அதுவும் சரி. ஆனால் கடலையின் கொழுப்பு இனிப்பைத் தாமதமாகத்தான் ரத்தத்தில் சேர்க்கும். ஆகவே சட்டைப் பையில் ஒரு பொட்டலம் சர்க்கரையும் இருக்கட்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

எங்கே வைப்பது?

தகரக் கூரைக்கு அடியிலும், டி.வி. மேலும், அடுப்பு மேடையிலும் வேண்டாம். நம் ஊர்ச் சூட்டுக்கு மருந்து வீரியம் இழந்துவிடும். இன்சுலின் போடுபவர் வீட்டில் பிரிட்ஜ் இல்லையென்றால், பெரிய மண்பானையில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அதற்குள் சின்னக் கலயத்தை வைத்து, மருந்தைப் பாலிதீன் பையில் கட்டிக் கலயத்தில் போட்டு மூடி, ஈரத் துணியைச் சுற்றி நிழலில் வையுங்கள். பிரிட்ஜ் இருந்தால் உறைபெட்டியில் மட்டும் வைக்காதீர்கள்; உறைந்த இன்சுலின் உதவாது. பூச்சி மருந்தை எக்காரணம் கொண்டும் டானிக் பாட்டிலிலோ குளிர்பானப் பாட்டிலிலோ ஊற்றி வைக்கக் கூடாது. டானிக் மூடியால் பூச்சி மருந்தை அளக்கவும் கூடாது.

இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். அமாவாசைக்கு வேலை இல்லாத நாளில் இருவரும் உட்கார்ந்து வீட்டில் உள்ள எல்லா மாத்திரையையும் தரையில் கொட்டுங்கள். பெயர் தெரியாதது, தேதி தாண்டியது, நிறம் மாறியது, ஈரம் பட்டது எல்லாவற்றையும் தனியே எடுத்து வையுங்கள். கிராம சுகாதார செவிலியர் ஊருக்கு வரும் நாளில் அந்தப் பையை அவரிடம் காட்டுங்கள். இடையில் சந்தேகம் வந்தால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம். அப்போது மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள், அதில் உள்ள பெயரை எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொல்வார்கள்.